கழுகில் ஒன்று கூடுதல்

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் அவள் நாற்பத்தொரு விரிப்புகளைத் திருப்பி அனுப்பினாள். அவற்றில் ஒன்றில்கூடக் கறை இல்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலையே கறை தேடுவதுதான். துவைத்துப் பிழிந்து, சூட்டு உருளைக்குள் போய் வெளியே வரும் படுக்கை விரிப்புகள் ஒவ்வொன்றாக அவள் மேசைமேல் விரியும். மேலே குழல் விளக்கு. இரண்டு பேர் ஓரங்களைப் பிடித்திருக்க, மூன்று மூச்சு விடுகிற நேரத்துக்குள் அவள் சொல்லிவிட வேண்டும். ‘போகலாம்’ என்றால் மடிப்புக்குப் போகும். ‘திரும்ப’ என்றால் மறுபடி தொட்டிக்கு. ரத்தம், மருந்து, சீழ், பேனா மை. பதினான்கு வருஷத்தில் கடுகளவு கறைகூட அவளைத் தாண்டிப் போனதில்லை. அங்கே அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

“என்ன பூதக்கண்ணாடி, யார் மேல கோவம்?” மூட்டை கட்டுகிறவள் வந்து கேட்டாள். “வெள்ளை வெளேர்னு இருக்கறத இன்னும் எத்தன தடவ வெளுக்கறதுன்னு தொட்டிக்காரன் கத்தறான்.”

அவள் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, மூட்டைக்காரியின் கைபேசியை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தாள். ‘நம் ஊர் போட்டோ ஸ்டுடியோக்காரர் புதிய நட்சத்திரம் கண்டுபிடித்தார்.’ கீழே படம். தொலைநோக்கியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், அவள் கணவனின் அண்ணன். படத்தில் பட்டப்பகலாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“உங்க வீட்டு ஆளுதானே? சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?” என்றாள் மூட்டைக்காரி.

“திரும்ப,” என்றாள் அவள், நாற்பத்திரண்டாவது விரிப்பைப் பார்த்து.

அண்ணன் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவளும் கணவனும் குடியிருந்தார்கள். அப்பா செத்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. படிக்க வைத்தது, ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொடுத்தது, டிப்போவில் சொல்லி பஸ் ஓட்டுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் அண்ணன். அவர் முன்னால் தம்பி சத்தமாக இருமவும் மாட்டான். அவள் அவரை ‘மாமா’ என்பாள்.

மொட்டை மாடியில் அவர் தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த வான்நோக்கர் குழுவுக்கு அவர்தான் தலைவர். இருபத்திரண்டு வருஷமாக வானத்தைப் படம் எடுத்து, புதிதாக ஏதாவது அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை அகப்பட்டது. இரண்டு தடவையும் வேறெங்கோ ஒரு தேசத்தில் யாரோ சில மணி நேரம் முந்திக்கொண்டார்கள். அந்த நாட்களில் மாடியிலிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்கும்.

அவள் பார்க்கத் தொடங்கியது ஒரு பைனாகுலரால். திருகு இறுகிவிட்டது என்று அவர் குப்பைக்கூடையில் போட்டதைக் கேட்டு எடுத்துக்கொண்டாள். தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஒரு வாரம் திருகிச் சரிசெய்தாள். வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் காலை ஐந்து இருபதுக்கு வரும். அதற்கு முன்னால் கொல்லையில் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கால்மணி நேரம் பார்ப்பாள். கழுகு மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. கூடிக் குறைந்து எரிவது. அது எவ்வளவு எரிகிறது என்று அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுவாள். இதற்கு ஓர் எண் உண்டு. எண் கூடினால் வெளிச்சம் குறைவு. பதினோரு வருஷத்தில் நான்கு நோட்டு நிரம்பியிருந்தது. அதை யாரும் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் காட்டியதில்லை.

அந்த வியாழக்கிழமை பனி கொட்டியது. தொட்டி மூடி ஐஸ் மாதிரி இருந்தது. வழக்கமான நட்சத்திரத்துக்குப் போகிற வழியில் ஐந்து நட்சத்திரம் கோணல் கரண்டி மாதிரி நிற்கும். அவள் அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். கரண்டியின் குழியில் ஒன்று கூடுதலாக இருந்தது.

கண்ணாடியில் பனித்துளியோ என்று முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். இருந்தது. கண்ணாடிக்குள் எதிரொளிப்போ என்று பைனாகுலரைச் சாய்த்தாள். எதிரொளிப்பாக இருந்தால் கூடவே நகரும், இது நகரவில்லை. வரைபடத்தை எடுத்து டார்ச் அடித்தாள். அந்த இடத்தில் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் எந்தக் கிரகமும் இல்லையென்று அவளுக்கு மனப்பாடம். சீட்டு ஒன்றில் இடத்தை வரைந்து, ‘5.10. ஒளி 6.2’ என்று எழுதிக்கொண்டு உள்ளே ஓடினாள். கணவன் ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“மாமாவ எழுப்புங்க. உடனே. கழுகுல புதுசா ஒண்ணு வந்திருக்கு. விடியறதுக்குள்ள கேமராவுல பிடிக்கணும்.”

“இப்பவா? திட்டுவாரே.”

“திட்ட மாட்டாரு. கால்ல விழுவாரு. போங்க!”

அவன் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினான். கதவு தட்டுகிற சத்தம், அப்புறம் ஓரகத்தியின் குரல், அப்புறம் மொட்டை மாடியில் தடதடவென்று கால்கள். வேன் ஹாரன் அடித்தது. அவள் வேனில் ஏறினாள். அன்று முழுவதும் சலவைக்கூடத்து நீராவியில் அவளுக்கு வியர்க்கவே இல்லை.

சாயங்காலம் மாடி ஏறிக் கேட்டபோது மாமா கம்ப்யூட்டரை மூடிவிட்டுத்தான் திரும்பினார்.

“ஏதோ தெரியுது. ஆனா உறுதியாச் சொல்ல முடியாதும்மா. லென்ஸ் கோளாறாகூட இருக்கலாம். நாளைக்கு ஒரு தடவ பாத்துட்டு, இதையெல்லாம் பதியற மையத்துக்கு அனுப்புவோம். அவசரப்பட்டு அனுப்பி நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாது பாரு.”

அவளும் சரி என்று தலையாட்டினாள். மறுநாள் விடிகாலையில் அது அங்கேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் பிரகாசம், 5.9. குறுங்கோளாக இருந்தால் ஒரு நாளில் நகர்ந்திருக்கும். இது ஒரு மயிரிழைகூட நகரவில்லை. மங்கிக் கிடந்த பழைய நட்சத்திரம் திடீரென்று வெடித்து எரிகிறது. நோவா என்பார்களே, அதுதான். அவள் அந்தச் சந்தோஷத்தோடு வேன் ஏறினாள். பத்து மணிக்கு மூட்டைக்காரி கைபேசியை நீட்டினாள். மாமா அறிவிப்பை அனுப்பியது வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு என்று அதில் போட்டிருந்தது.

அன்று மூன்று மணிக்கு வேன் இறக்கிவிட்டதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள். ஓரகத்தி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா யாருடனோ கைபேசியில் சிரித்துப் பேசி முடித்தார்.

“வாம்மா. குடும்பத்துக்கே பேரு வந்திருக்கு. பாத்தியா?”

“பாத்தேன் மாமா. கண்டுபிடிச்சவர்னு உங்க பேரு இருக்கு.”

“குழுத் தலைவர்ங்கற முறையில நான்தானே அனுப்பணும்?”

“அனுப்புனது தப்பில்ல. பாத்தது யாருன்னு எழுதற இடத்துல யார் பேரு?”

“படம் எடுத்தது யாரு? படம் இல்லாட்டி உன் ஓட்ட பைனாகுலர எவன் நம்புவான்?”

“அப்ப படம் எடுத்த நேரத்தப் போட்டிருக்கணும். அஞ்சு பத்துன்னு போட்டிருக்கீங்க. அஞ்சு பத்துக்கு நீங்க குறட்ட விட்டுக்கிட்டு இருந்தீங்க.”

கத்தி நின்றது. ஓரகத்தி நிமிரவில்லை.

“குரல ஒசத்தாத,” என்றார் அவர். “ஒரே வீட்டுல உன்னுது என்னுதுன்னு என்ன பேச்சு? உனக்கு வானத்துல கிழக்கு எது மேற்கு எதுன்னு காட்டினதே நான்.”

“கிழக்கக் காட்டினா அங்க மொளைக்கிறதெல்லாம் உங்களுதா?”

அவள் இறங்கி வரும்போது ஓரகத்தி படியில் பின்னாலேயே வந்தாள்.

“கோவப்படாதடி. இருபத்திரண்டு வருஷமா நான் அவரு முகத்தப் பாத்ததவிட முதுகத்தான் அதிகமாப் பாத்திருக்கேன். ஒரு தடவ அவருக்குப் பேரு வந்துட்டுப் போகட்டுமே. உனக்கு வயசிருக்கு. இன்னொண்ணு கண்டுபிடிச்சுக்க மாட்டியா?”

“இது என்ன தக்காளியாக்கா, ஒண்ணு போனா இன்னொண்ணு பொறுக்கிக்க?”

ராத்திரி எட்டு மணிக்குக் கணவன் வந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பஸ்ஸிலேயே நான்கு பேர் கைகொடுத்தார்களாம். அவன் முகம் கழுவிவிட்டு வெகுநேரம் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“நீங்கதான் கதவத் தட்டினீங்க,” என்றாள் அவள்.

“ம்.”

“நீங்கதான் என் சீட்டக் கொண்டுபோய்க் கொடுத்தீங்க.”

“கொடுத்தேன். அதுக்கு என்ன பண்ணச் சொல்றே? அவர் என்ன வளத்தவரு. எனக்காகக் கல்யாணத்தையே பத்து வருஷம் தள்ளிப்போட்டவரு. அவர்கிட்டப் போயி, நீங்க திருடிட்டீங்கன்னு சொல்லவா?”

“திருடிட்டீங்கன்னு சொல்ல வேண்டாம். நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

அடுப்பில் இருந்த பாத்திரத்தை இறக்கி அவன் முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் சாம்பார் அவன் சட்டையெல்லாம் தெறித்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சட்டையை அப்போதே வாங்கி ஊறவைத்திருப்பாள்.

சனிக்கிழமை உறுதியாகிவிட்டது. பெரிய வான்நிலையம் ஒன்று அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, வெடித்துச் சிதறுகிற ஹைட்ரஜன் தெரிகிறது, நோவாவேதான் என்று அறிவித்தது. மாடியில் குழுக்காரர்கள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. அவள் கீழே கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம். இந்தப் பூமியில் அதை முதலில் பார்த்தது தன் இரண்டு கண். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு வந்தது. மாடியில் மறுபடி கைதட்டினார்கள். அவள் பிழிந்த பிழியில் போர்வையின் ஓரத் தையல் விட்டுப்போனது.

திங்கட்கிழமை மாமா கீழே இறங்கி வந்தார். அவர் கீழ்த்தளத்துக்கு வந்து வருஷக்கணக்காகியிருந்தது. கணவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“ஒரு சின்ன விஷயம்மா. பதிவு மையத்துலேர்ந்து கேட்டிருக்காங்க. கண்ணால பாத்தப்ப எந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டீங்க, அதுக்கு முன்னாடி அந்த இடத்த எப்ப பாத்தீங்க, அதெல்லாம் வேணுமாம். உன் நோட்டு அதுக்கு உபயோகமா இருக்கும்.”

“எதுக்கு மாமா? நீங்க பாத்ததத்தானே கேக்கறாங்க?”

“குத்திப் பேசாத. பதில்ல உன் பேரையும் சேத்துப் போடறேன். ‘உதவியவர்’னு.”

அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். நான்கு நோட்டையும் எடுத்தாள். கணவன் பெருமூச்சு விட்டான். அவள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பதினோரு வருஷம். வாரத்துக்கு ரெண்டு நாள். காய்ச்சல்ல பாத்திருக்கேன். கரு கலைஞ்சு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாள் பாத்திருக்கேன். அந்த ஆஸ்பத்திரி விரிப்ப மறுவாரம் நானே மேசையில வெச்சுக் கறை பாத்தேன். இதுல ஒரு வரி உங்களுக்குப் புரியுமா? உதவியவராம். யாருக்கு யாரு உதவி?”

“கொடுத்துடு,” என்றான் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

“நீ பேசாத,” என்றாள்.

மாமா எழுந்து போய்விட்டார். அன்றைக்கே அவள் நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, பதிவு மையத்துக்குத் தானே எழுதினாள். தெரிந்த ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக, ஆனால் நேரமும் எண்ணும் பிசகாமல். புதன்கிழமை பதில் வந்தது. மரியாதையான கடிதம். இருவருமே ஒரே நேரத்தைச் சொல்கிறீர்கள். அப்போது உடனிருந்தவர் யாராவது எழுத்தில் சாட்சி தந்தால் பதிவைத் திருத்துவது பற்றி யோசிக்கலாம் என்றிருந்தது.

அவள் ஒரு தாளில் நான்கே வரி எழுதிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வியாழக்கிழமை காலை நடந்தது மட்டும். கீழே கையெழுத்துக்கு இடம். அவன் சாப்பிட்டான், தாளைப் படித்தான், கை கழுவப் போனான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தாள் அங்கேயே இருந்தது. தண்ணீர் பட்டு ஒரு மூலை சுருண்டுகொண்டது. அவள் அதை எடுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடு என்று இன்னொரு தடவை சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூலக மாடியில் பாராட்டுக் கூட்டம். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற நூலகம். அறுபது பேர் இருந்தார்கள். நூலகர் தலைமை. முன்வரிசையில் ஓரகத்தி புதுப் புடவையில் இருந்தாள். அவள் நோட்டுப் பையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மாமா நன்றாகப் பேசினார். “விடிகாலை அஞ்சு பத்து. எலும்பு வரைக்கும் குளிரு. பைனாகுலரக் கண்ணுல வெச்சேன். கழுகு மண்டலத்துல ஏதோ ஒண்ணு உறுத்துச்சு...”

அவள் எழுந்து நின்றாள்.

“மாமா, ஒரு கேள்வி. ஒளி ஆறு புள்ளி ரெண்டுன்னு அறிவிப்புல போட்டிருக்கீங்களே, எந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டீங்க?”

அவர் சிரித்தார். “இவ என் தம்பி சம்சாரம். இவளுக்கு வானம் பாக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்.” ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். “பக்கத்துல இருந்த நட்சத்திரங்களோடதாம்மா.”

“பக்கத்துல, கரண்டிக் கைப்பிடி ஓரத்துல இருக்கறது சிவப்பு. சிவப்பு கண்ண ஏமாத்தும். அதோட ஒப்பிட்டா எண்ணு தப்பா வரும். அத விட்டுட்டு எதப் பிடிச்சீங்க?”

அவர் தண்ணீர்க் கிளாஸை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். குழுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சபையில இப்படிக் குறுக்க குறுக்கக் கேக்கறது முறையில்லம்மா,” என்றார் நூலகர். “உக்காருங்க. வீட்டு விஷயத்த வீட்டுல பேசிக்கலாம்.”

“வீட்டுல பேசியாச்சு சார். இது வானத்து விஷயம்.”

“உக்காருன்னு சொல்றாங்கல்ல!” யாரோ கத்தினார்கள். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “அவ சொல்றது நிஜம்.”

காக்கிச் சட்டையோடு கணவன் நின்றிருந்தான். எதிரே நிலையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்திருந்தான். அடுத்த நடைக்கு இரண்டு நிமிஷமே இருந்தது.

“அண்ணே, அன்னைக்கு நான்தான் உங்க கதவத் தட்டினேன். நாலு தடவ தட்டினேன். நீங்க எந்திரிக்கல. அண்ணிதான் வந்து தொறந்தாங்க. சீட்டுல இருந்தது இவ கையெழுத்து. அஞ்சு பத்துன்னு அவதான் எழுதியிருந்தா.”

மாமா மைக்கைப் பிடித்தபடியே சொன்னார்: “உன்ன வளத்தேன்டா.” அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“வளத்தீங்க. அதனாலதான் பத்து நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன்.”

ஓரகத்தி தலையைக் குனிந்து புடவை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் கத்தவும் இல்லை. கீழே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் பொறுமை போய் ஹாரனை அடிக்க ஆரம்பித்தார்கள். கணவன் அவளைப் பார்த்தான். ஏதோ எதிர்பார்த்த மாதிரிதான் நின்றான்.

“சாட்சிச் சீட்டு மேசை மேலயே இருக்கு,” என்றாள் அவள். “போயி வண்டிய எடுங்க.”

அன்று ராத்திரி அவன் கையெழுத்துப் போட்டான். இரண்டு வாரத்தில் பதிவு திருத்தப்பட்டது. கண்டுபிடித்தவர் அவள், படமெடுத்து உறுதி செய்தவர் மாமா. முதலில் செய்தி போட்டவர்கள் திருத்தத்தைப் போடவில்லை. மூட்டைக்காரி பதிவு மையத்தின் பக்கத்தை அச்செடுத்துச் சலவைக்கூடச் சுவரில் ஒட்டினாள். நீராவியில் அது நாலாம் நாள் உரிந்து விழுந்தது.

மாமா வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. ஆனால் கீழ்த்தளக் குழாயில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வருவது நின்றது. ஓரகத்தி படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் பொறுத்துவிட்டு, டிப்போவுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை பார்த்துக்கொண்டு போனார்கள். சாமான் ஏற்றிய அன்று கணவன் மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினான். உள்ளே விசிறி ஓடியது. யாரும் திறக்கவில்லை. அவன் இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. ‘அவ சொல்றது நிஜம்’ என்பதைக் கூட்டத்துக்கு முன்னாலேயே, வீட்டுக்குள், மூன்று பேர் முன்னால் சொல்லியிருந்தால், அறுபது பேர் முன்னால் யாரும் தலைகுனிந்திருக்க வேண்டியதில்லை என்று அவள் அவனிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அவன் ஆமாம் என்றான்.

புது வீட்டில் கிழக்குப் பார்த்து ஒரு சின்ன பால்கனி இருந்தது. ஒருநாள் விடிகாலை அவள் கம்பிமேல் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான். அன்று அவனுக்கு விடுமுறை.

“அத நான் ஒரு தடவகூடப் பாக்கலியே,” என்றான். “காட்டு.”

அவள் பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “அந்தக் கம்பத்துக்கு நேரா மேல. கரண்டி மாதிரி கோணலா நிக்கும். தெரியுதா?”

வெகுநேரம் தேடினான். “ஆங், தெரியுது. ஒண்ணு, ரெண்டு... அஞ்சு இருக்கு.”

“அவ்வளவுதான்.”

“நம்முது எங்க?”

“முந்தாநேத்தோட இந்தக் கண்ணாடிக்கு எட்டாமப் போயிடுச்சு. இன்னும் மங்கிக்கிட்டே போகும். இனிமே பெரிய தொலைநோக்கி வேணும்.”

அவன் பைனாகுலரை இறக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் பாக்கறேன்,” என்றான்.

“அறுவது நாள் இருந்துச்சு,” என்றாள் அவள். “தினமும் நான் அதப் பாத்துக்கிட்டு இருந்தப்ப நீங்க பத்தடி தூரத்துல ஷூ மாட்டிக்கிட்டு இருந்தீங்க.”

கீழே வேன் ஹாரன் அடித்தது. அவள் நோட்டை எடுத்து நேரத்தைப் போட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். பிறகு கையை நீட்டினாள். அவன் பைனாகுலரைக் கொடுத்தான். அவள் மூடிகளைப் போட்டு, உறைக்குள் வைத்து, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினாள்.